காற்று மெத்தையில் ஆறு இறங்கும் எங்கட பிள்ளைகள்

பாரிசில் வெயில் முப்பத்தைந்தைத் தொட்டால் லாச்சப்பலில் இரண்டு கதைதான் ஓடும். ஒன்று, மெத்ரோவுக்குள் மனிசர் அவிகிற கதை. மற்றது, வக்கான்ஸுக்குப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்ற கதை. முன்பென்றால் இரண்டாவது கேள்விக்கு லூர்து, லண்டன், சுவிஸ் மாமா வீடு என்று பதில் வரும். இப்போது வேறு பெயர்கள் வருகின்றன. அர்தேஷ், வெர்தோன், தார்ன். எல்லாமே ஆறுகள்.

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு காரை வாடகைக்கு எடுக்கிறார்கள். இரவோடு இரவாக ஏறத்தாழ 650 கிலோமீற்றர் ஓடுகிறார்கள். போகிற வழியில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் ஆளுக்கொரு காற்று மெத்தை. கடற்கரையில் படுத்து மிதக்கிற, நாலு மூச்சில் ஊதிவிடக்கூடிய அந்த மெல்லிய பிளாஸ்டிக் மெத்தைதான். அதை ஆற்றில் போட்டு, மேலே மல்லாந்து படுத்து, தண்ணீர் கொண்டுபோகிற பக்கம் போவது. இருபக்கமும் மலைச்சுவர். மேலே ஒரு கீற்று வானம். வீடு இல்லை, வீதி இல்லை. கைத்தொலைபேசியில் அந்த வீடியோவைப் பார்த்தால் அறுபது வயதுக்காரருக்கும் ஆசை வரும்.

போகவேண்டாம் என்று எழுத வரவில்லை. போகவேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அந்த மெத்தையில் வேண்டாம். இதில் பிள்ளைகளிடம் கேட்கவேண்டிய கேள்விகளை விட, பெற்றோராகிய எங்களிடம் கேட்கவேண்டியவை அதிகம்.

முதலில் அந்த ஆற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். அர்தேஷ் என்பது மாவட்டத்தின் பெயர் மட்டுமில்லை, மலையில் பிறந்து ரோன் நதியில் போய் விழும் ஆறும் அதுதான். வல்லோன்-போன்-தார்க் என்ற சிற்றூருக்குக் கொஞ்சம் கீழே, ஆறு பாறையைத் துளைத்து உண்டாக்கிய ஒரு பெரிய வளைவு இருக்கிறது. ஐம்பது மீற்றருக்கு மேல் உயரம், மனிதக் கை படாத பாலம். அதற்குப் பக்கத்து மலையில்தான் 1994 டிசம்பரில் ஷோவே குகையைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 36,000 ஆண்டுகளுக்கு முந்திய மனிதர் வரைந்த சிங்கமும் குதிரையும் காண்டாமிருகமும் அதற்குள் அப்படியே இருக்கின்றன. அந்த வளைவைத் தாண்டியதும் ஆறு ஒரு பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. சேன்-மர்த்தன் ஊரில் வெளியே வரும்வரை முப்பது கிலோமீற்றர் அளவுக்கு, சில இடங்களில் முந்நூறு மீற்றர் உயரச் சுண்ணாம்புப் பாறைகள். 1980 முதல் அது இயற்கைக் காப்பகம். ஊர்க் கடை கிடையாது, காரை ஆற்றங்கரைக்குக் கொண்டுவர வழி கிடையாது. பல இடங்களில் தொலைபேசிக்கு சிக்னலும் எடுக்காது.

இதில் கனூ ஓட்ட ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது. வாடகைக்குக் கொடுக்கிறவர் நீந்தத் தெரியுமா என்று கேட்பார். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். 7 வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஏற்றமாட்டார்கள். தண்ணீர் மட்டம் கூடினால் ஆற்றை மூடிவிடுவார்கள். சுப்பர்மார்க்கெட்டில் மெத்தை வாங்கும்போது காசாளர் கேட்கிற ஒரே கேள்வி, கார்டா காசா என்பதுதான்.

அந்த மெத்தையின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். தண்ணீரில் மூழ்குவதிலிருந்து இது பாதுகாக்காது என்று பல மொழிகளில் எழுதியிருக்கும். எழுத்து சின்னன். பெரும்பாலும் யாரும் வாசிப்பதில்லை.

ஏன் அப்படி எழுதுகிறார்கள்? காற்றடைத்த மெத்தைக்கு அடியில் பிடிமானம் எதுவும் இல்லை, திசை திருப்ப ஒரு வழியும் இல்லை. கடலிலோ ஏரியிலோ என்றால் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். பிரான்ஸ் சட்டமே இப்படியான கடற்கரைச் சாமான்களைக் கடலில் கரையிலிருந்து 300 மீற்றருக்கு அப்பால் கொண்டுபோகக்கூடாது என்கிறது. ஆற்றில் காற்றை விட நீரோட்டம்தான் முதலாளி. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் உடலைத் தள்ளுகிற விசை நாலு மடங்காகும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று எழும்பி நிற்கிறவரின் கால், அடியில் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டினால் போதும். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். ஆளை முன்பக்கமாக மடக்கி விழுத்தி அப்படியே அமுக்கி வைத்திருக்கும். நல்ல நீச்சல்காரரும் இதில் தப்புவது கடினம்.

அர்தேஷில் ஷார்ல்மாஞ் என்றும் தான் நுவார் என்றும் பெயர் வைத்த வேக இறக்கங்கள் இருக்கின்றன. தான் நுவார் என்றால் கறுப்புப் பல். நடு ஆற்றில் நிற்கிற பாறை. கனூக்காரர்களே அதில் கவிழ்வார்கள். ஆனால் அவர்களிடம் துடுப்பு இருக்கிறது, ஜாக்கெட் இருக்கிறது, கல்லில் இடித்தாலும் கிழியாத வள்ளம் இருக்கிறது. மெத்தைக்காரரிடம் இருப்பது ஒரே ஒரு காற்றறை. ஒரு கூரான கல் பட்டால் அதுவும் இல்லை.

இன்னொரு பழக்கமும் வீடியோக்களில் தெரிகிறது. கூட்டாளிகள் பிரிந்துவிடக்கூடாது என்று மெத்தைகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டுவது. தேங்கிய தண்ணீரில் அழகாக இருக்கும். ஓடுகிற ஆற்றில் விழுந்து கிடக்கிற மரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு மெத்தை போனால், நடுவிலுள்ள கயிறு எங்கே மாட்டும், அந்தக் கயிற்றில் யாருடைய கை மாட்டும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

காற்றை அடைத்து ஆற்றைக் கடக்கிற எண்ணம் புதிதில்லை. கி.மு. 9ஆம் நூற்றாண்டு அசீரியச் சிற்பம் ஒன்று லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊதிய ஆட்டுத்தோலை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஆற்றில் நீந்துகிறவர்களை அதில் பார்க்கலாம். 1842இல் அமெரிக்காவில் பிரிமோன்ட் என்ற நில ஆய்வாளர் காற்றடைத்த றப்பர் படகு ஒன்றை வடக்குப் பிளாட் ஆற்றின் வேக இறக்கத்தில் இறக்கிப் பார்த்தார். படகு கவிழ்ந்து கருவிகளும் குறிப்புகளும் தண்ணீரோடு போயின. எங்கட மொழியிலும் புணை, தெப்பம், பரிசல், தோணி, வள்ளம் என்று எத்தனை சொல். கட்டுமரத்தைப் பிரெஞ்சுக்காரர் கத்தாமரான் என்று எடுத்துக்கொண்டு அது தங்கள் சொல் மாதிரிப் பேசுகிறார்கள். மிதக்கிற பொருளுக்கு இவ்வளவு சொல் வைத்திருந்த சனத்தின் பிள்ளைகள், மிதக்கிறதெல்லாம் படகு என்று நினைப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கணக்கையும் பார்ப்போம். பிரான்சின் பொதுச் சுகாதார நிறுவனம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கோடைகால மூழ்கல்களை எண்ணுகிறது. 2018இல் ஜூன் முதல் செப்டெம்பர் வரை தற்செயலாக மூழ்கியவர்கள் 1649 பேர். அவர்களில் 406 பேர் இறந்தார்கள். 2025இல் வெப்ப அலை முந்தி வந்தது. ஜூன் 1 முதல் ஜூலை 2 வரையான ஒரு மாதத்தில் மட்டும் 109 மரணம். முதல் வருடம் அதே நாட்களில் 69. வெயில் கூடக்கூடச் சனம் தண்ணீரைத் தேடும், காவலர் இருக்கிற இடம் எல்லாருக்கும் போதாது, கிடைத்த ஆற்றில் இறங்கும். இனி வருகிற கோடைகள் குளிரப்போவதில்லை.

ஆற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. வானம் வெளித்திருக்கும்போதே தண்ணீர் ஏறும். மேலே அணை இருந்தால் மின்சாரத்துக்காகத் திறப்பார்கள். 1995 டிசம்பர் 4, கிரெனோபிளுக்குப் பக்கத்தில் டிராக் ஆற்றுப் படுகைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போன 6 சிறுவர்களும் கூடப்போன ஒருவரும் அணையிலிருந்து விட்ட தண்ணீரில் அள்ளுண்டு இறந்தார்கள். அவர்கள் நீந்தப் போகவில்லை. வறண்ட படுகையில் நடந்துகொண்டிருந்தவர்கள். இப்படியான ஆறுகளின் கரையில் தண்ணீர் திடீரென ஏறும் என்று எச்சரிக்கிற பலகைகள் நிற்கும். எங்கட ஆட்கள் அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

இனிப் பெற்றோர் பக்கம் வருவோம். றூ கய்யில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் தெரிந்த அக்கா ஒருவர் சொன்னார்: "தம்பி, மூத்தவன் கூட்டாளிமாரோட ஆத்துக்குப் போகப்போறானாம். மெத்தையில மிதக்கிறதாம். நான் கண்டிப்பா விடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"பிறகு?"

"பிறகென்ன. லியோனில சிநேகிதன்ர வீட்டை போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான். படத்தைப் பாத்துத்தான் எங்க நிண்டவன் எண்டே தெரியும்."

அக்காவுக்கு நீந்தத் தெரியாது. அவர் கணவருக்கும் தெரியாது. மகனுக்கு எவ்வளவு தெரியும் என்பது இருவருக்குமே தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஏதோ பிஸ்சினுக்குக் கூட்டிப்போனார்கள், அவ்வளவுதான்.

மறிப்பதால் பிள்ளை நிற்பதில்லை. எங்கே போகிறான் என்பதைச் சொல்லாமல் போகிறான். ஆற்றில் ஏதாவது நடந்தால், எந்த ஆறு என்பதைக்கூட வீட்டில் ஒருவரும் சொல்லமுடியாத நிலை. இந்தப் பயண முறையில் மெத்தைக்கு அடுத்த பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன்.

அக்காவின் பயத்தைச் சிரித்துத் தள்ளவும் முடியாது. எங்கட சனத்துக்குத் தண்ணீர் என்றால் என்ன ஞாபகம் வரும்? இருட்டில் படகேறிய கிளாலி. 2004 டிசம்பர் 26. 2009இல் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்த நந்திக்கடல். ஐரோப்பாவுக்கு வந்த பாதையிலும் தண்ணீர். 1996 நத்தார் இரவில் மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில் 280க்கு மேற்பட்டவர்கள் மூழ்கினார்கள், அதில் எங்கட பொடியங்கள் எத்தனை பேர். கிழக்கு ஐரோப்பா வழியாக வந்தவர்களிடம் கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு ஆற்றின் கதை இருக்கும். காற்றடைத்த படகு என்றால் கலேயில் இன்றைக்கும் நடக்கிறதுதான் கண்ணுக்குள் வரும். 2021 நவம்பர் 24 அன்று ஒரே படகில் 27 பேராவது செத்தார்கள். உயிரைக் கொடுத்துக் கடந்த தண்ணீரில் மகன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு மிதக்கிற படத்தைப் பார்த்தால் தாய்க்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் அதே சனத்துக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதைப் போகவும் வரவுமாக நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில், இங்கே பிரான்சுக்கு முன்னாலுள்ள கடலில், உயிர் விட்டார். கீரிமலைக் கேணியில் குதித்து நீச்சல் பழகிய தகப்பன்மார் இன்றைக்கும் லாச்சப்பலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தான் எப்படிப் பழகினேன் என்று கதை சொல்வார்கள். பிள்ளையைப் பிஸ்சினுக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை. வேலை. ஞாயிறும் வேலை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, இரண்டு வேலை செய்தவர்களின் கதையெல்லாம் எனக்குத் தெரியும்.

பெண்பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் நீச்சலுடை பற்றிய கதை வீட்டில் தொடங்கும். பள்ளி நீச்சல் நாளில் தலையிடி, வயிற்றுவலி என்று கடிதம் எழுதிக் கொடுக்கிற தாய்மார் உண்டு. அதே பிள்ளை பத்தொன்பது வயதில் பல்கலைக்கழகக் கூட்டாளிகளோடு அர்தேஷுக்குப் போகிறாள். எல்லாரும் தண்ணீரில் இறங்கும்போது எனக்கு நீந்தத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறாள். மெத்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். அவளுக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லை. தன் உயிருக்கு அவளிடம் இருக்கிற ஒரே பிடி. தாய் எழுதிய கடிதங்கள் அவளைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றவில்லை, தண்ணீரைப் பற்றித் தெரியாதவளாக அங்கே அனுப்பிவைத்திருக்கின்றன.

பிரெஞ்சுப் பள்ளிகளில் பாதுகாப்பாக நீந்தத் தெரியும் என்பதற்கு ஒரு சான்றிதழ் இருக்கிறது. 2022இல் அதைப் புதுப்பித்தார்கள். அதன் சோதனை வேகத்தைப் பார்ப்பதில்லை. பின்பக்கமாகத் தண்ணீரில் விழவேண்டும். தடுப்புக்குக் கீழே மூழ்கிப் போகவேண்டும். குப்புறவும் மல்லாந்தும் நீந்தவேண்டும், நடுவில் 15 விநாடி அசையாமல் மிதக்கவேண்டும். இவற்றோடு, சூழல் சரியில்லையென்றால் இறங்காமல் திரும்பிவரத் தெரிந்திருக்கவேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் எழுதியிருக்கிறது. உங்கள் பிள்ளையிடம் இந்தச் சான்றிதழ் இருக்கிறதா? பிறேவே முடிவு வந்த அன்று புள்ளி கேட்ட அதே குரலில் இதையும் ஒருக்கால் கேட்டுப்பாருங்கள்.

பழக இடமில்லை என்று சொல்லமுடியாது. லாச்சப்பல் மெத்ரோவிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் பிளாஸ் ஏபேரில் நகராட்சிப் பிஸ்சின் இருக்கிறது. இரண்டாம் இலக்க மெத்ரோவில் அடுத்த நிறுத்தம் ஸ்தாலிங்கிராட், இறங்கினால் வில்லெத் நீர்த்தேக்கம். 2017 முதல் கோடையில் காவலரோடு அங்கே குளிக்கலாம். 1923 முதல் தடை செய்திருந்த சேன் நதியே 2025 ஜூலை 5 அன்று மூன்று இடங்களில் திறந்துவிட்டது. ஷிராக் 1990இல் சொன்ன வாக்கு, முப்பத்தைந்து வருடம் பிந்தி நடந்தது. இலவசம்தான். ஆனால் சேனில் இறங்குகிறவர் மஞ்சள் மிதவை ஒன்றை இடுப்பில் கட்டவேண்டும். காவலர் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்திலேயே இவ்வளவு ஏற்பாடு.

பெரியவர்களுக்கும் வகுப்பு இருக்கிறது. தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கென்றே பாரிசிலும் புறநகரிலும் பல பிஸ்சின்களில் தனி வகுப்பு வைக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில் தொப்பி போட்டுக்கொண்டு குழந்தைகளோடு நிற்க வெட்கம் என்றால் நாலைந்து அக்காமார் சேர்ந்து போங்கள். சங்கத்துக் கூட்டங்களுக்கு ஒரே நிறச் சேலையில் போகத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையில்லை.

சங்கங்களுக்கும் ஒரு சொல். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று எங்களுக்கு என்ன குறை? கோடையில் உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், கிளித்தட்டு, கொத்துரொட்டி. நல்லதுதான். அதற்குள் நீச்சலும் வரட்டும். ஒரு மெரியிடம் பேசி வாரம் ஒரு மணிநேரம் இரண்டு பாதை கேட்டு எழுதுவதற்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் எங்களிடமே இருக்கிறார்கள். ஒரு வெற்றிக்கிண்ணத்தின் காசில் எத்தனை பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கலாம் என்று பொருளாளர் கணக்குப் பார்க்கட்டும்.

இதை வாசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு. தமிழில் வாசிக்கக் கஷ்டமென்றால் அம்மாவிடம் கொடுங்கள், அவர் சத்தமாக வாசிப்பார், அதுவும் நல்லதுதான். ஆற்றுக்குப் போங்கள். கனூ எடுங்கள். புறப்படுமுன் விஜிக்ரூ தளத்தில் ஆற்று மட்டம் பாருங்கள். முதல்நாள் மலையில் இடிமழை என்றால் ஒருநாள் பொறுங்கள். கவிழ்ந்தால் மல்லாந்து, கால் இரண்டையும் ஓட்டம் போகிற பக்கம் நீட்டி வையுங்கள். வேகமான தண்ணீரில் எழும்பி நிற்கப் பார்க்காதீர்கள். குடிக்கிறதை இரவுக்கு வையுங்கள். கூட்டாளி மூழ்கினால் பின்னால் குதிக்கவேண்டாம், மிதக்கிற எதையாவது எறியுங்கள், 112க்கு அடியுங்கள், சிக்னல் இல்லாவிட்டால் அடுத்து வருகிற கனூவை மறியுங்கள். காற்று மெத்தை வேண்டுமென்றால் இரவில் கூடாரத்துக்குள் விரித்துப் படுக்க மிக நல்ல சாமான்.

வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள். எந்த ஆறு, எங்கே இறங்குகிறீர்கள், எங்கே எத்தனை மணிக்கு ஏறுகிறீர்கள். அம்மா கத்தினால் அரை மணிநேரம் கத்துவார்.

அர்தேஷில் இரண்டு நாளாக இறங்குவதென்றால் பள்ளத்தாக்குக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. இரவு தங்க கோ, கூர்னியே என்ற இரண்டு இடங்கள்தான், இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும். ஜூலை, ஓகஸ்ட் வார இறுதிகள் வேளைக்கே நிரம்பிவிடும், இப்பவே பாருங்கள்.